வெள்ளிக்கிழமை நிற்கும் வண்டி

இந்தக் காலத்து ஆட்களைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். ஒரு வண்டி நின்றுபோனால் பாதிப் பேர் கோயிலுக்கு ஓடுகிறார்கள், மீதிப் பேர் கத்தியைத் தேடுகிறார்கள். குனிந்து வண்டியைப் பார்க்கிறவன் ஒருத்தனும் இல்லை. மாடு படுத்துக்கொண்டால் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், வாயைத் திறந்து பார்ப்பார்கள். இன்ஜின் படுத்துக்கொண்டால் மட்டும் பேய் என்கிறார்கள். கேட்டால் ஒழுங்கான பதிலும் வராது. தமிழில் கேட்டால் இந்தியில் பதில், இந்தியில் கேட்டால் தோள் குலுக்கல்.

நான் படிக்காதவன். பெயர் அப்பாசாமி. ஃபிஜியில் லவுத்தோக்கா ஊர் சர்க்கரை மில் கேட்டில் காவலுக்கு நின்றவன். வெளியே வருகிறவன் நடையைப் பார்த்தே எவன் மடியில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்வேன். வேலை போயிற்று, அந்தக் கண் போகவில்லை. காணாமல் போன கோயில் மணியை ஒரு கிணற்றிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகு, ஊரில் யாருக்கு என்ன தொல்லை என்றாலும் என் வீட்டுக்கு வருகிறார்கள். நான் யாரையும் நம்புவதில்லை. வருகிறவர்களையும் சேர்த்துத்தான்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வந்தவள் இந்திராவதி. சபேத்தோ பக்கத்தில் கரும்பு போடுகிற கன்னையாவின் பெண்டாட்டி. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள். தலைக்குக் குளித்து ஈரம்கூடக் காயவில்லை.

"பெரியப்பா, அவரு கத்தியத் தீட்டிக்கிட்டு இருக்காரு."

கரும்பு வெட்டவா என்று கேட்டேன்.

"கரும்பு வெட்ட கேங் ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

மீதியை அவள் உட்காராமலே சொன்னாள். கன்னையா போன வருடம் ஒரு சின்ன சாம்பல் நிற டிராக்டரைப் பழசாக வாங்கினான். தீமிதித் திருவிழா முடிகிற வரைக்கும் அது ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு ஒரு வியாதி. கொட்டகையிலிருந்து கிளம்பும்போது நன்றாக வரும். சூடாகி, கரும்பு ரயில் தண்டவாளத்தைக் கடக்கிற இடத்தில் செத்துப்போகும். எத்தனை அழுத்தினாலும் எடுக்காது. ஆறினால் தானாக எடுக்கும். போன சனிக்கிழமை தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. ரயில் வந்து பின்னால் இருந்த டிரெய்லரை அடித்துத் தூக்கிப் போட்டது. கன்னையா குதித்ததால் இருக்கிறான்.

வண்டியை ரிப்பேர் பார்க்கிற சுரேந்திராதான் ஏதோ செய்கிறான் என்று கன்னையா முடிவு கட்டிவிட்டான். அதற்குக் காரணமும் வைத்திருந்தான். யார் அழுத்தினாலும் எடுக்காத வண்டி சுரேந்திரா வந்து தொட்டால் உடனே எடுக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் சுரேந்திரா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிற அக்காள் வீட்டுக்கு வருகிறான். வெள்ளி, சனியில்தான் வண்டி நிற்கிறது. இன்றைக்குக் கரும்பு ஏற்றுகிற முறை கன்னையாவுடையது. போகாமல் இருக்க முடியாது. இன்றைக்கும் நின்றால் அங்கிருந்து நேராக சுரேந்திராவின் கொட்டகைக்குத்தான் போவேன் என்று கத்தியைக் காட்டிச் சொல்லியிருக்கிறான்.

"வண்டி நின்னா இவரு சாவாரு. இவரு பொழச்சா அவன் சாவான். ரெண்டுல எது நடந்தாலும் எனக்கு வீடு இல்ல பெரியப்பா."

அவள் குரல் உயரவே இல்லை. 

யூனுஸைக் கூப்பிட்டேன். யூனுஸ் டாக்ஸி ஓட்டுகிறவன், என் கேஸ்களுக்கெல்லாம் கூடவே வருகிறவன். வாயை மூடினால் அவன் கார் நின்றுவிடும் என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். பல்லிடுக்கில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். பேசும்போது அது மேலும் கீழும் ஆடும். வழியில் இந்திராவதி இன்னொன்றும் சொன்னாள். அந்தத் தண்டவாளத்துப் பக்கத்தில் கிர்மிட் காலத்தில், ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கொண்டுவந்த காலத்தில், ஒருத்தன் தூக்குப் போட்டுச் செத்தானாம், அவன் முனியாகி அங்கே நிற்கிறானாம்.

"முனிக்கு டிராக்டர் மேல என்ன கோவம் மாமு? லைசென்ஸ் கேக்குதா?" என்றான் யூனுஸ்.

நான் சிரிக்கவில்லை. முனியை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த இடத்தை எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. மேட்டின் வளைவிலிருந்து ரயில் இறங்கி வருவது கிட்ட வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. கரும்பு ஏற்றிய ரயில் சரிவில் இறங்கினால் எந்த பிரேக்கும் அதைப் பிடிக்காது.

கன்னையா கொட்டகையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. கத்தி மடியில் இருந்தது. தீ மிதித்த ஆள். கையில் கட்டிய காப்பு அவிழ்ந்த இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. வண்டி பக்கத்தில் நின்றது. காய்ந்த செண்டுமல்லி மாலை, விளக்குகளில் பொட்டு, ஸ்டீரிங்கில் பொட்டு, பெட்ரோல் டாங்கியின் பித்தளை மூடியில் பொட்டு.

"மாமு, இது வண்டியா மாப்பிள்ளையா? பொண்ணு வீட்டுக்காரங்க எப்ப வராங்க?"

கன்னையா கத்தியின் முனையைத் தரையில் ஊன்றினான். யூனுஸ் குச்சியை அடுத்த பல்லுக்கு மாற்றிக்கொண்டு பேச்சை விட்டுவிட்டான்.

நான் கேட்டேன், கன்னையா சொன்னான். பிளக் மாற்றியாயிற்று. பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில் சூட்டில் கெட்டிருக்கும் என்று புதுக் காயில் போட்டாயிற்று. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவியாயிற்று. பெட்ரோல் குழாய் சூட்டில் ஆவி கட்டுகிறது என்று சுரேந்திரா அதில் ஈரச் சாக்கைச் சுற்றினான். எதுவும் உதவவில்லை. பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்துக் கற்பூரம் ஏற்றினால் எடுக்கிறதாம். கற்பூரம் எரிந்து முடிகிற நேரத்தில் எந்த வண்டியும் ஆறிவிடும் என்று நான் சொல்லவில்லை. கத்தி அவன் மடியில் இருந்தது.

அந்த இடத்தைத் தவிர வேறு எங்கேயாவது நின்றதா என்று கேட்டதற்கு முதலில் இல்லை என்றான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை நம் ஆட்களின் சங்கம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குப் பந்தல் கழிகள் ஏற்றப் போனபோது பள்ளிக்கூட வாசலில் நின்றது, பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள் என்றான். பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு நேர் எதிர்த் திசை.

நான் யூனுஸைப் பார்த்தேன். அவன் பேசாமல் போய்க் காரை எடுத்தான். கொட்டகையிலிருந்து தண்டவாளம் வரை போய்த் திரும்பி, மறுபடி கொட்டகையிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை போய் வந்தான். இறங்கும்போது குச்சி வாயில் இல்லை, கையில் இருந்தது.

"ரெண்டும் ஒரே தூரம் மாமு. மீட்டர் முள்ளு ஒரே அளவுதான் நகருது. முனிக்கு ரெண்டு வீடு இருந்தாத்தான் உண்டு."

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பேய் என்றால் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். இது அப்படி இல்லை. வண்டிக்குள் ஏதோ ஒன்று இத்தனை தூரம்தான் மூச்சு என்று அளந்து கொடுக்கிறது. அந்த மூச்சு முடிகிற இடத்தில் தண்டவாளம் கிடக்கிறது. இன்றைக்கும் கட்டாயம் அங்கேதான் நிற்கும்.

கேங் ஆட்கள் கரும்பை ஏற்றி முடிப்பதற்குள் சுரேந்திராவின் கொட்டகைக்குப் போனோம். சுரேந்திரா வடக்கத்திக் குடும்பம். சிலை வேண்டாம், ஓமம் மட்டும் போதும் என்கிற சபையைச் சேர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான். நாங்கள் போனபோது ஒரு பேட்டரியின் சின்னச் சின்ன வாய்களுக்குள் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கன்னையா கத்தி தீட்டுகிறான் என்றேன்.

"சொன்னாங்க சாச்சா" என்றான். நூல் மாதிரித் தண்ணீர் இறங்கியது. ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

நீ தொட்டால் மட்டும் வண்டி எப்படி எடுக்கிறது என்று கேட்டேன். அவன் பாட்டிலை வைத்துவிட்டு யோசிக்காமல் சொன்னான். முதலில் டாங்கி மூடியைத் திறப்பான். கெரோசின் கலந்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பான். மூடுவான். ஸ்டார்ட்டரை அழுத்துவான். எந்த வண்டிக்கும் அப்படித்தானாம், பழக்கமாம். இதில் என்ன தந்திரம் இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

எனக்குப் பிடிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவனை மில் கேட்டில் நான் இரண்டு தடவை தடவிப் பார்ப்பேன்.

"என்ன மாமு, இவனா?" என்றான் யூனுஸ், காரில்.

தெரியவில்லை என்றேன். தன் டாக்ஸி குளிரிலும் நிற்கும், வெயிலிலும் நிற்கும், மாமியார் ஏறினாலும் நிற்கும், அதற்காகத் தான் யாரையும் வெட்டவில்லை என்று யூனுஸ் சொன்னான். ஆனால் அவன் குரலிலும் உப்பு இல்லை. வெயில் ஏறிவிட்டது. மில் பக்கம் போகிற மத்தியான ரயில் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது இரவல் வாங்கிய டிரெய்லர் நிறையக் கரும்பு. கன்னையா சீட்டில் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டிருந்தான். கத்தியைச் சாக்கில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் செருகியிருந்தான். தண்டவாளத்துக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி, ரயில் போன பிறகு கடக்கலாமே என்று சொன்னேன்.

"நிறுத்தினா சூட்டுல எடுக்காது மாமா. வழியை மறிச்சுக்கிட்டு நிக்கும். பின்னால இன்னும் நாலு பேரு கரும்போட வராங்க. ஒரே மூச்சுல தாண்டினாத்தான் உண்டு."

அவன் சொன்னதும் சரிதான். நிற்கவும் முடியாது, போகவும் முடியாது. இந்திராவதி வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் ஏதாவது செய்யவேண்டியிருந்தது. யூனுஸிடம் ஒரு சிவப்புத் துண்டைக் கொடுத்து, மேட்டு வளைவில் போய் நின்று ரயிலை மறிக்கச் சொன்னேன். நான் டிராக்டரின் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். கண்ணால் பார்க்காத எதையும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஏறின உடனே, பார்க்காமல் ஒத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

கரும்புக்கு நடுவில் காற்றே இல்லை. மட்கார்டின் சூடு வேட்டி வழியாகச் சுட்டது. இன்ஜின் முதலில் நன்றாகப் பாடியது. அரசமரம் தாண்டினோம், கிணறு தாண்டினோம். கன்னையா உதட்டுக்குள் மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே வந்தான். சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் இன்ஜின் ஒரு தரம் இருமியது. கன்னையா இன்னும் கொஞ்சம் முடுக்கினான். இன்னொரு இருமல். முன் சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறித் தடதடவென்று இறங்கின. பெரிய சக்கரங்கள் ஏறின. அந்த இடத்தில், தண்டவாளத்துக்கு நடுவில், இன்ஜின் செத்தது.

அந்த அமைதியை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். கரும்புத் தோகை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடுத்ததாக மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரயில் ஊதல்.

கன்னையா ஸ்டார்ட்டரை அழுத்தினான். இன்ஜின் சுற்றியது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினான். யூனுஸ் கத்துகிற சத்தம் வளைவிலிருந்து வந்தது. சிவப்புத் துண்டு ஆடுவது தெரிந்தது. ரயில் பிரேக் போடுகிற கிறீச்சல் கேட்டது. அது நிற்கப் போகிற கிறீச்சல் இல்லை. நிற்க ஆசைப்படுகிற கிறீச்சல்.

"குதிங்க மாமா."

குதிக்கத்தான் பார்த்தேன். என் முட்டி மடங்கவில்லை. வேட்டி எதிலோ மாட்டிக்கொண்டது. நான் இறங்காததைப் பார்த்துக் கன்னையாவும் இறங்கவில்லை. "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான். வளைவில் ரயில் இன்ஜினின் கறுப்பு மூக்கு வெளியே வந்தது. தண்டவாளத்தின் நடுக்கம் டயர் வழியாக, இரும்பு வழியாக என் எலும்புக்கே வந்தது.

அந்த நேரத்தில் எனக்குப் புத்தி வேலை செய்தது என்று சொன்னால் பொய். கை வேலை செய்தது. இந்த வண்டியை எடுக்க வைத்த ஒரே ஆள் முதலில் என்ன செய்தான் என்று கைக்குத்தான் நினைவு வந்தது. எட்டி அந்தப் பித்தளை மூடியைத் திருகினேன். வரவில்லை. யாரோ உள்ளே இருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். தண்ணீரில் முங்கியிருந்தவன் தலையைத் தூக்கிக் காற்றை இழுக்கிற மாதிரி டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. மூடி என் கையோடு வந்துவிட்டது.

"அழுத்துடா" என்றேன்.

அழுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினான். ஒரு இருமல், இரண்டு இருமல். இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி முன்னால் துள்ளியது. டிரெய்லரின் பின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கியதும் எங்கள் முதுகுக்குப் பின்னால் ரயில் கடந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு நுனிகளை அது சீவிக்கொண்டு போனது. சாறு என் பிடரியில் தெறித்தது. அதை ரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ரயில் ரொம்ப தூரம் தள்ளிப் போய்த்தான் நின்றது. ஓட்டுகிற ஃபிஜிக்காரர் தலையை நீட்டி எங்கள் அம்மா அப்பாவையெல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். யூனுஸ் துண்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். இந்திராவதியும் ஓடி வந்தாள்; எங்களைப் பார்த்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இறக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"மாமு, அடுத்த தடவை நான் மட்கார்டுல உக்கார்றேன், நீங்க துண்டைப் பிடிங்க" என்றான் யூனுஸ். அவன் பல் தந்தியடித்தது.

மூடி என் கையில்தான் இருந்தது. நிழலில் உட்கார்ந்து அதைத் திருப்பினேன். உள்பக்கத்தில் ஊசி நுழைகிற அளவு ஒரு ஓட்டை. அதற்கு நேராக மேல் பக்கத்தில் ஓட்டை இல்லை, பொட்டுதான் இருந்தது. யூனுஸின் பல்குச்சியைக் கேட்டு வாங்கி உள்ளேயிருந்து குத்தினேன். சிவப்பாக ஒரு கட்டி உடைந்து மேல் பக்கமாக வந்து விழுந்தது. மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனைக்குள்ளே சந்தனம்.

யூனுஸுக்கு உடனே புரிந்துவிட்டது. டாக்ஸி ஓட்டுகிறவன் இல்லையா. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாக மேலே காற்று வரவேண்டும், அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்காது, இன்ஜின் தொண்டை வறண்டு செத்துப்போகும் என்று கன்னையாவுக்குச் சொன்னான். இத்தனை நாளும் வண்டி மறுபடி எடுத்தது சூடு ஆறியதால் இல்லையாம்; சும்மா நின்ற நேரத்தில் எந்த இடுக்கிலாவது காற்று கசிந்து உள்ளே போனதால் எடுத்ததாம். ஒவ்வொரு தடவையும் கொட்டகையிலிருந்து இத்தனை தூரம்தான் ஓடியதற்கும் அதுதான் காரணம்.

நான் இந்திராவதியைப் பார்த்தேன். அவள் மூடியைப் பார்த்தாள்.

நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். தீமிதி முடிந்த அன்றைக்குப் பூசாரி கொடுத்த குங்குமம். வெள்ளிக்கிழமை தோறும் தலைக்குக் குளித்துவிட்டு, புவா ஊர்ப் பக்கத்துச் சந்தனத்தை உரைத்து அதில் கலந்து வண்டிக்குப் பொட்டு வைப்பாள். வீட்டில் விளக்கு, சொம்பு, மணி எல்லாம் பித்தளை. பித்தளையைக் கண்டால் பொட்டு வைக்கிற கை. வண்டி ஆடுகிற ஆட்டத்தில் உதிர்ந்துவிடக் கூடாது என்று கஞ்சி விட்டுக் குழைத்தாள். புதன் வியாழனில் அது காய்ந்து வெடித்துவிடும். வெள்ளிக்கிழமை புதிதாக வைப்பாள். வண்டி நிற்க ஆரம்பித்த பிறகு பயந்துபோய் இன்னும் கெட்டியாக வைத்தாள்.

"உங்களுக்குக் காவலா இருக்கட்டும்னுதான் வச்சேன்" என்றாள் கன்னையாவிடம். "என் கையாலயா?"

கன்னையா எழுந்து வண்டியை நோக்கி நடந்தான். சீட்டுக்கு அடியில் சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். யூனுஸ் அவனுக்கு முன்னால் போய், களைத்துப்போனவன் மாதிரி அந்தச் சாக்கை இழுத்துக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

"எழுந்திரு" என்றான் கன்னையா.

"கால் வரலை பாயி. ரயில் எடுத்துக்கிட்டுப் போயிடிச்சி."

கன்னையா அவனைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா சிரிக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பக்கத்தில் போய் மண்ணில் உட்கார்ந்தான். "கஞ்சி ஊத்தி என்னைக் கொல்லப் பாத்தியே" என்றான். அவள் முந்தானையால் அவன் முகத்தில் இருந்த கரும்புச் சாற்றைத் துடைத்தாள். இனிமேல் சுரேந்திராவை யாரும் வெட்டமாட்டார்கள் என்று நான் மூச்சு விட்டேன்.

கேஸ் முடிந்தது என்று யூனுஸ் சொன்னான். அந்த நேரத்தில்தான் சுரேந்திரா வந்தான். ரயில் ஊதலும் கிறீச்சலும் கேட்டு, கையில் ஸ்பானரோடு கரும்புக்குள் புகுந்து ஓடி வந்திருக்கிறான். கன்னையா உயிரோடு இருப்பதைப் பார்த்தான். என் கையில் இருந்த மூடியைப் பார்த்தான். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்தப் பொட்டைத் துடைச்சிட்டீங்களா சாச்சா?" என்றான்.

கன்னையாவும் இந்திராவதியும் தள்ளி இருந்தார்கள், காதில் விழவில்லை. யூனுஸ் வாயில் வைக்கப் போன குச்சி பாதியில் நின்றது.

சுரேந்திராவின் கையைப் பிடித்துக் கரும்பு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன். தெரிந்திருக்கிறது உனக்கு என்றேன். அவன் மறுக்கவில்லை. இரண்டாவது தடவை மூடியைத் திறந்தபோதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். பொட்டு அடைக்கிறது என்று கன்னையாவிடம் சொல்லப் போனானாம். சொல்லி முடிப்பதற்குள், பொட்டின் மேல் கை வைத்தால் கையை உடைப்பேன் என்று கன்னையா எகிறினானாம்.

"நான் சிலை கும்பிடாத ஆளு. அம்மன் குங்குமத்தைத் துடைன்னு நான் சொன்னா இந்தச் செட்டில்மென்ட் ஊர்ல என்னை விட்டு வைப்பாங்களா? ஒவ்வொரு தடவையும் வந்து மூடியைத் தொறந்து காத்து விட்டேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான். பயம் சாச்சா."

காலையில் நான் கேட்டபோது என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்களும் அந்தக் கோயில் ஆள்தானே என்றான். சனிக்கிழமை டிரெய்லரை ரயில் அடித்தபோது எங்கே இருந்தாய் என்று கேட்டேன். அக்காள் வீட்டு மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். கால் எழவில்லையாம்.

கன்னையா, எதிராளி சொல்லி முடிப்பதற்கு முன்னால் எகிறுகிறவன்தான். இவன் சொன்னது நடந்திருக்கலாம். ஆனால் இதைக் கன்னையாவிடம் போய்க் கேட்டால் சாக்கு மறுபடி அவிழும். நான் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது கன்னையா எழுந்து சுரேந்திராவைக் கட்டிக்கொண்டான். மன்னிச்சிரு பாயி என்றான். சுரேந்திரா ஒரு மெல்லிய கம்பியால் மூடியின் ஓட்டையைச் சுத்தமாகக் குடைந்து ஊதிக் கொடுத்தான். இந்திராவதி மிச்சமிருந்த குங்குமத்தை விரலில் எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் வண்டியைச் சுற்றி நின்றாள். கடைசியில் சுரேந்திராவே அவளுக்கு மட்கார்டைக் காட்டினான். நான் உட்கார்ந்திருந்த அதே இடம்.

காரில் ஏறச் சொல்லி யூனுஸ் கூப்பிட்டான். பயந்தவன் பாவம் மாமு, நாமளா இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டோம் என்றான். அவன் வாயைத் திறக்காமல் இருந்த ஒரு நாளை எனக்குக் காட்டச் சொன்னேன்.

நான் காரில் ஏறவில்லை. மெயின் ரோடு வரை நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரும்புக்கு நடுவில் நடந்தேன். தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்தேன். பயம் என்றான். பயத்தை நான் இன்றைக்கு மட்கார்டின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். என் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. யூனுஸ் பல் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. கன்னையா தீ மிதித்தவன், அவனே சிறுபிள்ளை மாதிரி அம்மா அம்மா என்றான். உன்னை வெட்டக் கத்தி தீட்டுகிறான் என்று நான் போய்ச் சொன்னபோது சுரேந்திரா பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.